அறுந்த நூல், சந்தேக அம்பர், காணாமல் போன மணி: தஸ்பீஹ் பற்றிக் கேட்டதும் சொன்னதும்

நாகூரில் தஸ்பீஹ், அதாவது இறைவனை நினைத்து ஓதுவதை எண்ணும் மணிமாலை, கோர்த்துக்கொடுப்பதும், சின்னக் கடைசல் எந்திரத்தில் மரமணி கடைவதும் எனக்குப் பல வருடப் பழக்கம். மணியைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். அதையும் ஒருவர் கேட்டுவிட்டார். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கூத்தாநல்லூரிலிருந்து ஒரு சகோதரி: நானா, மருமகன் இஸ்தான்புல்லிலிருந்து 99 மணி தஸ்பீஹ் ஒன்று கொண்டுவந்தார். ஏழாவது மணியை ஒட்டிச் சின்னதாக ஒரு வில்லை இருக்கிறது. நம்ம ஊர் தஸ்பீஹில் அப்படிப் பார்த்ததில்லை. தவறிக் கோர்த்துவிட்டார்களா?

தவறில்லைம்மா, துருக்கி வழக்கமே அதுதான். அந்த வில்லைக்குப் 'புல்' என்று பெயர். பெரிய தஸ்பீஹில் ஏழாவது மணிக்கு அடையாளமாக அதைப் போடுவார்கள். அதைக் கழற்றிவிடாதீர்கள்.

மற்ற பாகங்களையும் சொல்லிவிடுகிறேன். 33 மணிக்கு ஒருமுறை வேறு வடிவத்தில் ஒரு தடுப்பு மணி வரும். 99 மணியில் அது இரண்டு. துருக்கியில் 'நிஷானே' என்பார்கள். 33 மணித் தஸ்பீஹாக இருந்தால் பதினொன்றுக்கு ஒன்று. முனையில் நீளமாக நிற்பது 'இமாமே'. நான் தலைமணி என்றே சொல்வேன். அதற்கும் மேலே குஞ்சம். தொழுகைக்குப் பின் சுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹு அக்பர் மூன்றும் முப்பத்து மூன்று முறை ஓதி, நூறாவதாகக் கலிமா சொல்லி முடிக்கிறோம் இல்லையா, தடுப்பு மணி விரலில் தட்டினால் கண்ணைத் திறக்காமலே அடுத்த திக்ருக்குப் போய்விடலாம். அதனால் தடுப்பு மணி பார்வைக்கு வேறாக இருந்தால் போதாது, தொட்டாலும் வேறாகத் தெரியவேண்டும். இன்று கடைகளில் வரும் பாதி தஸ்பீஹில் தடுப்பு மணியும் உருண்டை, நிறம் மட்டும்தான் வேறு. செய்தவர் அதை வைத்து ஒருநாளும் ஓதிப் பார்த்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

அதிராம்பட்டினத்திலிருந்து ஒருவர்: காக்கா, அகீக் கல் தஸ்பீஹ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. கடைசியாகத் தங்கூசியே போட்டுக் கோர்த்தேன். அதுவும் போச்சு.

வலைக்குத் தங்கூசி என்ற நைலான் இழை சரி, தஸ்பீஹுக்குச் சரிவராது. ஒற்றை இழை என்பதால் முடிச்சு வழுக்கும், மடிந்த இடத்தில் மடிப்பு நிற்கும், கல்லின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அங்கேயே அறும். ஆனால் உங்கள் நோய் நூலில் இல்லை, துளையில் இருக்கிறது.

கல்லை ஒரே பக்கத்திலிருந்து துளைத்தால் மறுபக்கம் வெளியேறும்போது விளிம்பு சிதறும். அதனால் நல்ல வேலைக்காரர் இரண்டு பக்கமும் துளைத்து நடுவில் சந்திக்கவைப்பார். சந்திப்பு கொஞ்சம் விலகினால் உள்ளே ஒரு படி விழும். ஓதும்போது மணி நகர நகர அந்தப் படி நூலை அரம் மாதிரி அறுத்துக்கொண்டே இருக்கும். அகீக் கடினமான கல், கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் 7-ஐ ஒட்டி வரும், எந்த நூலும் அதற்கு ஈடுகொடுக்காது. ஒவ்வொரு மணியாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளை வழியாகப் பாருங்கள். வட்டமாகத் தெரிந்தால் நல்ல மணி. பிறை போலத் தெரிந்தால் அதுதான் குற்றவாளி.

அந்த மணிகளை மட்டும் வைரப் பொடி பூசிய மெல்லிய ஊசி அரத்தால் உள்ளே தேய்த்து, இரண்டு வாயையும் லேசாக உருட்டிவிடுங்கள். தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்கவேண்டும். குஜராத்தின் கம்பாத் அகீக் மணிக்குப் பழைய காலத்திலிருந்தே பேர்போன ஊர். அங்கே கல் தேய்ப்பவர்களுக்குத் தூசியால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருகிறது. வீட்டில் பத்து மணி தேய்ப்பதற்கும் அதே எச்சரிக்கைதான், வறட்டுத் தேய்ப்பு வேண்டாம்.

அப்புறம் பின்னல் நைலான் நூல் எடுத்துத் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துக்கொள்ளுங்கள். இறுக்கமாகக் கோர்க்கக்கூடாது. ஒன்றரை, இரண்டு மணி அகலத்துக்கு நூல் வெறுமையாகத் தெரியட்டும். அந்த இடம் இருந்தால்தான் ஓதிய மணி ஓதாத மணியிலிருந்து விலகி நிற்கும். இரண்டு முனையும் ஒன்றாகத் தலைமணிக்குள் போய் மேலே வந்ததும் முடிச்சு. முடிச்சைப் பசையால் ஒட்டாதீர்கள், பசை காய்ந்து விறைத்த இடத்தில் நூல் ஒடியும். இரும்புக் கம்பியில் கோர்த்தால் அறவே அறாது என்று சிலர் சொல்வார்கள். வளைந்து வளைந்து கம்பியும் ஒருநாள் முறியும், அதற்குள் மரம், அம்பர் போன்ற மென்மையான மணிகளின் துளையைத் தின்றுவிடும்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர்: பாய், துபாயிலிருந்து வந்த நண்பர் அசல் அம்பர் என்று ஒரு மஞ்சள் தஸ்பீஹ் விற்கப் பார்க்கிறார். ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்க்கலாமா?

குத்தாதீர்கள். அசலாக இருந்தால் பொருள் கெட்டது, போலியாக இருந்தால் நட்பு கெட்டது.

அம்பர் என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரப்பிசின் மண்ணில் புதைந்து இறுகியது. அதிகம் கிடைப்பது பால்டிக் கடலோரத்தில். கல் போலத் தெரிந்தாலும் கனமில்லை. 200 மில்லி தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரையுங்கள், வேதாரண்யத்துக் கல்லுப்பே போதும். அம்பர் அதில் மிதக்கும். பேக்கலைட் வகைச் செயற்கைப் பிசின் மூழ்கும். பழைய மணி என்று சொல்லி விற்பதில் நிறைய இந்தப் பேக்கலைட் இனம்தான், லியோ பேக்லாண்ட் 1907-இல் கண்டுபிடித்தது. அதிலும் பழைய மணிகளுக்கென்றே தேடி வாங்குபவர்கள் உண்டு, ஆனால் அதை அம்பர் விலைக்கு வாங்கக்கூடாது. சோதிக்கும்போது உதிரி மணியாகப் போடுங்கள். வெள்ளிக் குஞ்சத்தோடு முழுசாகப் போட்டால் எதுவும் மூழ்கும்.

மிதந்தது என்பதற்காகப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கும் மிதக்கும், அம்பரைவிட வயதில் இளைய, 'கோபால்' என்ற மரப்பிசினும் மிதக்கும். கண்ணில் படாத இடத்தில் ஒரு துளி அசிட்டோன் வைத்தால் கோபாலும் பாலிஸ்டைரினும் பிசுபிசுக்கும். நண்பர் இதற்கெல்லாம் சம்மதிக்கவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது.

முத்துப்பேட்டையிலிருந்து ஒருவர்: கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் எங்கள் அப்பா கொண்டுவந்த கறுப்புத் தஸ்பீஹ், மணிமேல் வெள்ளிப் புள்ளிகள். 'யுஸ்ர்' என்பார்கள். விற்றால் என்ன விலை போகும்?

விலை சொல்லமாட்டேன். யுஸ்ர் என்பது செங்கடலில் எடுத்த கறும்பவளம். மணியில் சின்னத் துளையிட்டு வெள்ளிக் கம்பியை அடித்து, தேய்த்துச் சமமாக்குவார்கள். கையில் பிடிக்க அவ்வளவு சுகமான மணி வேறில்லை, எனக்கும் ஆசை உண்டு. ஆனால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் கறும்பவளம் முழுவதும் இருக்கிறது. படம் போட்டு விலை கேட்பதே வம்பு. அசல்தான் என்று தெரிந்தால், வீட்டில் வைத்திருப்பதற்கு என்ன செய்யவேண்டும் என்று வனத்துறையில் கேளுங்கள். யானைத் தந்தத் தஸ்பீஹ் வைத்திருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

நீடூரிலிருந்து ஒரு தம்பி: தஸ்பீஹ் மணியே பித்அத் (மார்க்கத்தில் புதிதாகப் புகுத்தியது) என்கிறார்களே, செய்து விற்கும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தம்பி, தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். விரலில் எண்ணச் சொன்ன ஹதீஸும் இருக்கிறது, பேரீச்சங்கொட்டையில் எண்ணிய செய்தியும் இருக்கிறது. நான் செய்வது எண்ணும் கருவி. அதில் பரக்கத் (இறையருள்) இருக்கிறது என்று சொல்லி விற்பதில்லை.

திருபுவனத்திலிருந்து ஒரு அம்மா: நாங்கள் பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறோம். பாய் ஒருவர் தஸ்பீஹுக்குக் குஞ்சம் கேட்கிறார். எப்படி இருக்கவேண்டும்?

இப்படி ஒரு கேள்வி வந்ததே சந்தோஷம். முந்தானைக் குஞ்சம் போல் புசுபுசுவென்று வேண்டாம், ஒல்லியாக இருக்கட்டும். குஞ்சத்தின் கழுத்து தலைமணியின் முனையைவிட அகலமாக இருக்கக்கூடாது. ஜரிகை சேர்க்காதீர்கள், சட்டைப்பையில் மாட்டும், மென்மையான மணியைக் கீறும். முக்கியமாக, உள்ளே முடிச்சு உட்கார ஒரு குழிவு விட்டுக் கட்டுங்கள். தஸ்பீஹின் முடிச்சு அங்கேதான் மறையவேண்டும். மணியின் நூல் வேறு, குஞ்சத்தின் நூல் வேறாக இருந்தால் குஞ்சம் நைந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். துருக்கியில் திரப்சோன் என்ற ஊரில் மெல்லிய வெள்ளிக் கம்பியைப் பட்டின்மேல் பின்னிக் குஞ்சம் செய்கிறார்கள், 'கஸாஸியே' என்று பெயர். உங்கள் கைக்கு அது பெரிய வேலையாக இராது. கூலியைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

ராஜகிரியிலிருந்து ஒருவர்: கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன், கட்டில் கால்தான் பெரும்பாலும். நம்ம பக்கத்து மரத்தில் தஸ்பீஹ் கடையலாமா? கொட்டாங்கச்சியில்?

கொட்டாங்கச்சி சில மில்லிமீட்டர் கனம்தான். உருண்டை வராது, வில்லைதான் வரும். தடுப்பு மணிக்கு அருமையாக இருக்கும், கறுத்துப் பளபளக்கும். துருக்கியின் உஸ்மானியப் பேரரசுக் காலத்துக் கடைசல்காரர்களுக்கு உருண்டை கடையத் தென் அமெரிக்கப் பனை ஒன்றின் கெட்டிக் கொட்டை கிடைத்தது, 'கூக்கா' என்பார்கள். நமக்குப் புளிய மரத்தின் வைரம், அதாவது கெட்டியான நடுக்கட்டை, இருக்கிறது. தேக்கு வேண்டாம், அவ்வளவு சின்ன மணிக்கு அதன் நார் பெரிது. தஞ்சாவூரில் வீணை செய்யும் பட்டறைகளில் விழும் பலாத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள், நிறத்துக்காகவே வாங்குவார்கள்.

மரம் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்ம ஊர்க் காற்றே ஈரம். அரைகுறையாகக் காய்ந்த மரத்தில் கடைந்தால் பங்குனியில் மணி முட்டை வடிவமாகிவிடும். முதலில் துளை, பிறகு கடைசல். துளையையே அச்சாகப் பிடித்துக் கடைந்தால்தான் நடு விலகாது. துருக்கிப் பழைய பட்டறைகளில் ஒரு கையால் வில் ஒன்றை இழுத்துச் சுழற்றி, மறுகையால் உளி பிடித்துக் கடைவார்கள். உங்களிடம் மோட்டார் இருக்கிறது, ஆனால் கஷ்டமான வேலை மாறவில்லை: முப்பத்து மூன்றும் ஒரே அளவில் வரவேண்டும். தகட்டில் அரைவட்டம் வெட்டி ஒவ்வொரு மணியையும் அதில் வைத்துப் பாருங்கள். நாற்பது கடைந்து முப்பத்து மூன்றைப் பொறுக்குங்கள். மெருகுக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், வியர்வையில் உரியும். தேன்மெழுகு தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும், மீதியைக் கை பார்த்துக்கொள்ளும்.

காரைக்காலிலிருந்து ஒருவர்: மணிக்கு அத்தர் பூசலாமா?

சந்தன மணிக்குச் சந்தன எண்ணெய் ஒரு துளி, சரி. அம்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் எதுவும் வேண்டாம், மங்கிப்போகும். அம்பரையும் அகீக்கையும் ஒரே பையில் போடாதீர்கள், கல் மற்றதைக் கீறிவிடும்.

பொதக்குடியிலிருந்து ஒரு தங்கை: நன்னாவின் 99 மணி மரத் தஸ்பீஹ் அறுந்து இரண்டு மணி காணவில்லை. அதேபோல் கிடைக்குமா?

அதேபோல் கிடைக்காதும்மா. பல வருடம் கை பட்ட நிறம் புது மரத்துக்கு வராது. இரண்டு வழி இருக்கிறது. வேறு மரத்தில் இரண்டு மணி கடைந்து, தலைமணிக்கு இருபுறமும் ஒவ்வொன்றாகப் போட்டால் மாற்றிப் போட்டதாகவே தெரியாது, வேண்டுமென்றே வைத்ததுபோல் இருக்கும். இல்லையென்றால் மிச்சமுள்ள 97-இல் 33 மணித் தஸ்பீஹ் இரண்டு செய்யலாம், நீங்களும் உங்கள் அண்ணனும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். 31 மணி உதிரியாகக் கிடக்கும், பின்னால் ஒன்றிரண்டு தொலைந்தாலும் கவலையில்லை. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். அதற்குப் புதிதாக ஒரு தலைமணியும் இரண்டு தடுப்பு மணியும் வேண்டும். துளைக்குள் குண்டூசி மட்டும் போகிறதா, கோணி ஊசியே போகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், அதற்குத் தக்கபடி கடைந்து வைக்கிறேன்.