ஒர்க்‌ஷாப் வாத்தியார் பதில்கள்

கேள்வி: பந்தயக் கார் செய்யும் மாணவர் குழுவில் மூன்றாம் ஆண்டு மாணவன் நான். இறுதியாண்டு அண்ணன்கள் போய்விட்டால் குழுவே படுத்துவிடும் போலிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அண்ணன்கள் போகத்தான் செய்வார்கள், தம்பி. நான் பார்த்தவரை, பணமில்லாமல் நின்றுபோன மாணவர் முயற்சிகளைவிட, விஷயம் தெரிந்தவன் பட்டம் வாங்கிக்கொண்டு போனதால் நின்றுபோனவையே அதிகம்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் காரில் சஸ்பென்ஷன் ஏன் அந்த அளவில் இருக்கிறது? "அண்ணன் போட்டது" என்பதுதான் பதில் என்றால் சிக்கல் ஏற்கெனவே வந்துவிட்டது. மாணவர்களே பந்தயக் கார் செய்து கொண்டுவரும் ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டி அமெரிக்காவில் 1981இல் தொடங்கியது; அதில் மொத்தம் 1000 மதிப்பெண். அதில் 325 மதிப்பெண் காரை ஓட்டாமலேயே வாங்க வேண்டியது: வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்தை விளக்குவதற்கு 75. வடிவமைப்பு நடுவர் ஏன், எதற்கு என்று குடைந்துகொண்டே இருப்பார். ஆக, காரணங்களை எழுதிவைத்தால் அடுத்த செட்டுக்கும் உதவும், மதிப்பெண்ணும் வரும். டிராயிங் எல்லாரிடமும் இருக்கும். இந்தத் தடிமனில் குழாய் ஏன், போன முறை எது உடைந்தது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. உடைந்த பாகத்தைத் தூக்கிப் போடாமல், சீட்டு கட்டி அலமாரியில் வையுங்கள்.

அப்புறம், அண்ணன்கள் கல்லூரியில் இருக்கும்போதே கேப்டன் பொறுப்பு கைமாற வேண்டும். பழைய கேப்டன் ஒரு செமஸ்டர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் உதவிப் பேராசிரியர், ஒரு குழுவுக்கு ஆலோசகர். போட்டி நெருங்கியும் வேலை முடியாவிட்டால் நானே உட்கார்ந்து முடித்துக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது சார். மேலே சொன்ன போட்டியின் விதிகளே அதற்கு இடம் தருவதில்லை. மாற்று வழிகளையும் அவற்றின் சாதக பாதகங்களையும் நீங்கள் பேசலாம், முடிவு மாணவர்களுடையது. உங்களால் மட்டுமே முடிகிற வேலை வேறு இருக்கிறது: இந்த உழைப்புக்குப் பாடத்திட்டத்தில் இடம் வாங்கித் தருவது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1995இல் எட்வர்ட் காயில், லியா ஜேமிசன் என்ற இரு பேராசிரியர்கள் 'எபிக்ஸ்' திட்டத்தைத் தொடங்கினார்கள். சமூக சேவை அமைப்புகளுக்குத் தேவையானதை மாணவர்கள் செய்துகொடுப்பார்கள், அதற்குக் கிரெடிட்டும் உண்டு. முதலாண்டு முதல் இறுதியாண்டு வரை எல்லாரும் ஒரே குழுவில் இருப்பதால், நாலு பேர் போனாலும் வேலை நிற்காது. இதைக் கல்விக் குழுவில் எடுத்துப் பேசுங்கள். இரவு விழித்து வெல்டிங் செய்வதைவிடக் கடினமான வேலைதான்.

கேள்வி: நான் லேப் டெக்னீஷியன். கதவைத் திறந்துவிட மட்டும்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

பதில்: கோபம் நியாயமானது. ஸ்பேனர் நுழைய இடமே இல்லாத மூலையில் போல்ட் வரைந்து கொண்டுவருவார்கள். அதைப் பார்த்த உடனே சொல்லிவிட உங்களால் முடியும். ஆனால் அந்தப் படம் உங்களிடம் வருவதே இரும்பு வாங்கிய பிறகுதான். வரையும்போதே ஒருமுறை காட்டச் சொல்லுங்கள், அதிகாரமாகவே கேளுங்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு லேத் (கடைசல் எந்திரம்) வகுப்பு ஒன்றும் எடுங்கள். லேத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கில் அதன் சாவியை விட்டுவிட்டு சுவிட்சைப் போடக் கூடாது என்பதை உங்களைப் போல் யாராலும் சொல்லித்தர முடியாது.

கேள்வி: மாணவர்கள் செயற்கைக்கோள் செய்வதெல்லாம் நடக்கிற காரியமா?

பதில்: நடக்கிறது. அமெரிக்காவின் கால் பாலி பல்கலைக்கழகத்தின் ஜோர்டி புய்க்-சுவாரியும் ஸ்டான்ஃபோர்டின் பாப் ட்விக்ஸும் 1999இல் 'கியூப்சாட்' என்ற சின்னக் கனசதுரச் செயற்கைக்கோள் வடிவத்தை உருவாக்கியதே, படிப்பு முடிவதற்குள் மாணவர்கள் ஒரு செயற்கைக்கோளைச் செய்து முடிக்க வேண்டும் என்றுதான். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர், எடை சுமார் ஒரு கிலோ. முதல் கியூப்சாட்கள் 2003 ஜூனில் விண்ணுக்குப் போயின. முதலில் அளவைச் சுருக்குங்கள், ஆசை தானாகச் சுருங்காது.

கேள்வி: மகன் எப்போதும் கல்லூரியின் கார் கிளப்பிலேயே கிடக்கிறான். அரியர் விழுந்துவிட்டது.

பதில்: எந்தப் பாடம் என்று கேளுங்கள். கார் குழுவில் இருந்துகொண்டு எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லித்தரும் பொருள் வலிமையியலில் அரியர் என்றால், பையன் போட்டோவுக்குத்தான் நிற்கிறான். வேறு பாடம் என்றால் ஒரு செமஸ்டர் விலகிப் படிக்கட்டும், பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.