விண்கல்லில் போர் போட யாரை அனுப்புவது?

"அறிவியல் புனைவுப் படங்களில் பிழைகள் கண்ணில் பட்ட பிறகும் உங்களால் படத்தை ரசிக்க முடிகிறதா?" என்பது கேள்வி.

முடிகிறது. கேட்டவர் அநேகமாகக் கல்லூரியில் படிப்பவராக இருப்பார். தியேட்டரில் ஏதோ சொல்லப்போக, பக்கத்தில் இருந்த கூட்டாளிகள் "படத்தைப் படமாகப் பார்" என்று அடக்கியிருப்பார்கள். அவர்களை விடுங்கள். என் புகார் வேறு. பிழை பிடிப்பவர்கள் பெரும்பாலும் பிழை இல்லாத இடத்தில் போய்ப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் திருச்செங்கோட்டுக்காரன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் போர் போடப் போகாத மாநிலம் குறைவு. நானும் ராடு (துளைக்குள் இறக்கும் இரும்புக் குழாய்) மாற்றும் பையனாக வண்டியில் ஏறி, பிறகு லீவர் பிடித்து, இப்போது சொந்தமாக ஒரு வண்டி வைத்திருக்கிறேன். ஆகவே 1998-இல் வந்த 'ஆர்மகெடான்' படத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. பூமியை நோக்கி ஒரு விண்கல் வருகிறது. அதில் 800 அடிக்குத் துளை போட்டு, உள்ளே அணுகுண்டை இறக்கி இரண்டாகப் பிளப்பதற்கு, எண்ணெய்க் கிணறு தோண்டும் ஆட்களை நாசா அனுப்பி வைக்கிறது. இதுதான் கதை.

பிழைகளா? அள்ள அள்ள வரும். கல் டெக்சாஸ் மாநிலத்தின் அளவு என்கிறார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிறவற்றில் மிகப் பெரியதான செரஸே ஏறத்தாழ 940 கிலோமீட்டர் குறுக்களவுதான். அதை 1801-லேயே பியாஸி என்ற வானியலாளர் அந்தக் காலத்துத் தொலைநோக்கியில் கண்டுபிடித்துவிட்டார். அதைவிடப் பெரிய கல் ஒன்று, மோதுவதற்கு 18 நாள் இருக்கும்போதுதான் கண்ணில் பட்டதாம்! எடைக் கணக்கும் உதைக்கிறது. செரஸில் ஈர்ப்பு இங்கே இருப்பதில் சுமார் 35-இல் ஒரு பங்கு. 35 டன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு டன் கனம்தான் இருக்கும். பாறையைக் குடையும் முனையான பிட்டைக் கீழே அழுத்தினால் வண்டி மேலே எழும்பிவிடும். காற்றை அழுத்தித் துளைக்குள் அடிக்கும் எங்கள் கம்ப்ரஸரைக் கொண்டுபோனாலும், காற்றே இல்லாத இடத்தில் அது எதை இழுத்து அடிக்கும்?

இத்தனையையும் நான் மன்னித்துவிட்டேன். கல் வந்தால்தான் கதை, பெரிய கல்லாக வந்தால்தான் பயம். அந்தப் பொய்க்குச் சம்மதித்துத்தானே டிக்கெட் வாங்குகிறோம்.

மன்னிக்க முடியாதது பார்ப்பவர்களின் சிரிப்பு. போன நோம்பிக்கு அக்கா வீட்டில் இருந்தபோது இந்தப் படம் டிவியில் ஓடியது. அக்கா மகன் மெக்கானிக்கல் படிக்கிறான். "மாமா, விண்வெளி வீரனுக்குப் போர் போடக் கற்றுக்கொடுப்பது சுலபமா, போர் போடுகிறவனை விண்வெளி வீரனாக்குவது சுலபமா? இதுகூடத் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள்" என்று விழுந்து விழுந்து சிரித்தான். புதிய கேள்வி இல்லை. அதில் நடித்த பென் அப்லெக்கே, டிவிடியில் வரும் பேச்சில், இதை இயக்குநர் மைக்கேல் பேயிடம் கேட்டதாகவும் அவர் வாயை மூடச் சொன்னதாகவும் சொல்கிறார். அன்றிலிருந்து இன்றுவரை இதே கேலிதான்.

நான் சொல்கிறேன், அந்தப் படத்தில் தேறுகிற ஒரே இடம் அதுதான்.

விண்வெளி வீரருக்குத் துளையிடக் கற்றுக்கொடுத்து அனுப்பியும் பார்த்திருக்கிறார்கள். 1971-இல் அப்பல்லோ 15. நிலவின் தரைக்கடியில் வெப்பம் அளக்க 3 மீட்டர் ஆழத்துக்குத் துளை வேண்டும். டேவிட் ஸ்காட் தலையால் தண்ணீர் குடித்தும் ஒரு துளை 1.6 மீட்டரோடு நின்றுவிட்டது, இன்னொன்றும் 3 மீட்டரை எட்டவில்லை. காரணம், குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் தூள் மேலேறி வருவதற்கான திருகு வரிப்பள்ளம் சரியாக இல்லை. தூள் அங்கே அடைத்துக்கொண்டது. பிறகு மண் மாதிரி எடுக்க இறக்கிய குழாயும் பிடித்துக்கொண்டது. ஸ்காட்டும் உடன் போன இர்வினும் சேர்ந்து முக்கி இழுத்ததில்தான் வெளியே வந்தது, ஸ்காட்டுக்குத் தோள் பிசகியது. அவர் சாதாரண ஆள் அல்ல, பெரிய விமானி, படித்த பொறியாளர். குற்றம் குழாயின் வடிவமைப்பில்தான். அவரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் தூள் வெளியே வராவிட்டால் ராடு மாட்டும் என்பது எங்கள் வண்டியில் சேர்ந்த புதுப் பையனுக்கும் தெரியும். அந்தக் குழாயை அனுப்பும் முன் அப்படி ஒருவன் கையில் கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

வேலை தெரிந்த ஆளையே மேலே அனுப்பியதற்கும் ஆதாரம் உண்டு. 1984-இல் டிஸ்கவரி விண்கலத்தின் முதல் பயணத்திலேயே சார்லஸ் வாக்கர் என்ற பொறியாளர் போனார். முழுநேர விண்வெளி வீரர் அல்ல, மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தின் ஊழியர். அந்த நிறுவனத்தின் இயந்திரம் ஒன்றை மேலே இயக்க வேண்டியிருந்தது, அதை நன்றாக அறிந்த ஆளையே அனுப்பினார்கள்.

போர் போடுவதில் அப்படி என்ன வித்தை என்று கேட்பீர்கள். ராடு நுனியில் இருக்கும் ஹேமர் பாறையில் அடிக்கும் சத்தம் கணீரென்று இருக்கும். ஈரம் லேசாகத் தட்டுப்பட்டதும் வெள்ளைத் தூள் கறுக்கும், புகையாகப் பறந்தது கட்டிகட்டியாக விழும், சத்தம் மந்தமாகும். அந்த நேரத்தில் ஆசைப்பட்டு இன்னும் ஒரு ராடு இறக்கினால், தூள் சேறாகி ராடைச் சுற்றி வளையம் கட்டிவிடும். உடனே தூக்கி, காற்றடித்து, தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதற்குள் தோட்டத்துக்காரர் வந்து "ஏன் நிறுத்தினீர்கள், நேரம் கடத்துகிறீர்களா?" என்பார். அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவன் நேரம் கடத்தி எனக்கு என்ன லாபம்?

இதைச் சொல்லும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆயிரம் அடியைத் தாண்டிய பிறகுதான் தண்ணீர் பீறிட்டது. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்தவருக்கு வேட்டி, துண்டு, வெற்றிலைத் தட்டில் பணம். எங்களுக்கு? தூக்கும்போது இருபது அடி ராடுகளைத் தோட்டத்துக்காரர் கண்முன்னே ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியும், கணக்கில் ஒரு ராடு குறைத்துத்தான் பணம் தந்தார். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் கண்ணெதிரே நடக்கும் வேலையை நம்பாதவர்கள் தேங்காயை மட்டும் எப்படி நம்புகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்கா மகனும் லேசில் விடவில்லை. "அங்கே காற்று இல்லையே மாமா, ஹேமர் சத்தம் உங்களுக்கு எப்படிக் கேட்கும்?" என்றான். நல்ல கேள்வி. ஆனால் ஓடுகிற கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று எங்களுக்குப் பாதிக் காது ஏற்கெனவே போய்விட்டது. அதிர்வு லீவர் வழியாகக் கைக்கும், தகடு வழியாகக் காலுக்கும் வரும், அதற்குக் காற்று வேண்டாம் என்றேன். கனமான கையுறை போட்டிருப்பீர்களே என்றான். பையன்கள் கையுறை போட்டுக்கொண்டுதான் ராடு மாற்றுகிறார்கள். அதெல்லாம் பழகிவிடும்.