கண்ணாடிக் கோபுரமும் தாழ்வார நிழலும்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கச் செல்கிறேன். அங்குள்ள தேசிய நூலகம் பார்க்கத் தக்கதா? – வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அவசியம் பாருங்கள், அம்மா, அதற்கென்று ஒரு முழுப் பகலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். மலேசியக் கட்டடக் கலைஞர் கென் யாங் வடிவமைக்க, விக்டோரியா தெருவில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த 16 மாடிக் கட்டடம், உண்மையில் பாலங்களால் இணைக்கப்பட்ட இரண்டு கட்டடங்கள். நூல்கள் அமைதியான பெரிய பகுதியிலும், கண்காட்சி போன்ற சந்தடி மிக்க நிகழ்ச்சிகள் வளைந்த சிறிய பகுதியிலும் இடம்பெறுகின்றன. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மேற்கு வெயிலைத் தடுக்கத் தாழ்வாரத்தை இறக்கிக் கட்டுவார்கள் அல்லவா? அதே அறிவுதான் அங்கே கண்ணாடிச் சுவர்களுக்கு வெளியே நீண்டிருக்கும் நிழல் தகடுகளாக மாறியிருக்கிறது. நான் சென்ற பிற்பகலில், வெளியே வெயில் கொளுத்தியபோதும், என் மேசையில் விரித்திருந்த பக்கத்தின் மீது கண்ணைக் கூசச் செய்யாத மெல்லிய வெளிச்சமே படிந்திருந்தது.

நுழைவுக் கட்டணம் இல்லை. பூகிஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடலாம். ஆய்வு நூலகத்தின் தமிழ்த் தொகுப்பைத் தவறவிடாதீர்கள். அங்குள்ள நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாது என்பதால், அங்கேயே அமர்ந்து படிக்க வேண்டும். குளிரூட்டப்பட்ட தளங்கள் என்பதால் ஒரு சால்வை எடுத்துச் செல்லுங்கள்.