பாதியில் விட்ட படிப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் கரூர்ப் பக்கம் பிறந்தவள். பன்னிரண்டு வருடமாக வட கரோலினாவில் ராலேயில் இருக்கிறோம். நம் ஊருக்குக் கிரிக்கெட் எப்படியோ, இந்த ஊருக்குக் கல்லூரிக் கூடைப்பந்து அப்படி. என் மகனுக்குப் பதினான்கு வயது, பள்ளி அணியில் ஆடுகிறான். டியூக் பல்கலைக்கழக அணியில் ஆடிய கூப்பர் ஃப்ளாக் என்றால் அவனுக்கு உயிர். அந்தப் பையன் ஒரே வருடம் படித்துவிட்டு 2025இல் கல்லூரியை விட்டு, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏவுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். "அவன் போகலாம்னா நான் ஏன் போகக் கூடாது?" என்கிறான் மகன்.

என் கணவர் அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவரை இன்ஜினியரிங் படிக்க வைக்க மாமனார் இரண்டு ஏக்கர் காட்டை விற்றார். "டியூக்ல ஒரு சீட்டுக்கு ஊரே தவம் கிடக்குது, அதை உதறிட்டுப் பந்தடிக்கப் போறானாம். அவனைப் பார்த்து இவனும் கெடறான்" என்று கோபப்படுகிறார். மகன் ஆடுவதைப் பார்க்க ஒரு நாள்கூட அவர் வந்ததில்லை. நான் நடுவில் நிற்கிறேன். இப்படிப் பாதியில் போவது சரியா அக்கா? மகனுக்கு நான் என்ன சொல்ல?

ச., ராலே

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு ஏக்கர் காட்டைத் தாண்டி வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நிலத்தை விற்றுப் படித்த மனிதருக்கு, கிடைத்த படிப்பை ஒருவன் உதறிவிட்டுப் போவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது தவறான ஆளின் மேல் பாய்கிறது என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் ஃப்ளாக்குக்கு முன்னால் இன்னொருவரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஸ்பென்சர் ஹேவுட் 1949இல் மிசிசிப்பி மாநிலத்தின் சில்வர் சிட்டி என்ற சிற்றூரில் பிறந்தவர். அவர் பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். வீட்டில் பத்துப் பிள்ளைகள். அம்மா அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்து அத்தனை பேரையும் வளர்த்தார். நினைவு தெரிந்த நாளிலிருந்து ஸ்பென்சரும் கூடப் போய்ப் பருத்தி எடுத்தார். உங்கள் மாமனாரிடம் விற்பதற்கு இரண்டு ஏக்கர் இருந்தது. அந்த அம்மாவிடம் அதுவும் இல்லை. மகனிடம் இருந்தது ஆறடி எட்டு அங்குல உயரமும் நீண்ட இரண்டு கைகளும்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் ஹேவுட். வயது பத்தொன்பது. அதன்பின் டெட்ராய்ட் பல்கலைக்கழகத்துக்காக ஒரே ஒரு சீசன் ஆடினார், ஆட்டத்துக்குச் சராசரி 32 புள்ளி. அப்போது என்பிஏவில் ஒரு விதி இருந்தது: பள்ளியை முடித்து நான்கு வருடம் கழியாத எவரையும் அணிகள் சேர்க்கக் கூடாது. அதனால் 1969இல் போட்டி அமைப்பான ஏபிஏவில் டென்வர் அணிக்குப் போனார். சிறந்த புதுமுகம், சிறந்த ஆட்டக்காரர் என்று முதல் சீசனிலேயே இரண்டு விருதும் அவருக்கே. 1970 கடைசியில் என்பிஏவின் சியாட்டில் அணி அவரை எடுத்துக்கொண்டது. நான்கு வருடக் கணக்கு முடிய இன்னும் சில மாதங்களே பாக்கி. அந்தச் சில மாதங்களுக்காக அமைப்பு முழுவதும் ஒரு இருபத்தோரு வயதுப் பையனோடு நீதிமன்றத்தில் மல்லுக்கு நின்றது. போன ஊர்களில் "சட்டவிரோத ஆட்டக்காரர் களத்தில் இருக்கிறார்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததையும், பனி கொட்டிய ஓர் இரவில் அரங்கத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்டு நின்றதையும் அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹேவுட் ஆடுவதைத் தடுக்கக் கூடாது என்ற கீழ் நீதிமன்ற ஆணைக்கு 1971 மார்ச் 1 அன்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் மறுபடி உயிர் கொடுத்தார். அதற்குச் சொன்ன காரணத்தை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆடவிடாமல் உட்கார வைத்தால் இவருடைய ஆட்ட வாழ்வில் பெரும்பகுதி வீணாகும், உடலும் திறனும் மங்கும், பிறகு எதைக் கொடுத்தாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. சாராம்சம் இவ்வளவுதான். உங்கள் கணவர் இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்து அறுபது வரை இன்ஜினியராக இருக்கலாம். ஓடித் தாவிப் பிழைக்கிறவனுக்கு முப்பத்தைந்திலேயே அந்தி. அவனை நான்கு வருடம் காத்திரு என்று சொன்னால் அவன் ஆட்ட ஆயுளில் கால் பங்கைக் கேட்கிறோம்.

அதற்குப் பிறகு என்பிஏ விதியைத் தளர்த்திய விதம்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. படிப்பை முடிக்காமல் வர விரும்புகிறவன் தன் குடும்பம் கஷ்டத்தில் இருப்பதைக் காட்ட வேண்டும். தாலுகா ஆபீஸில் வருமானச் சான்றிதழுக்கு வரிசையில் நின்ற வீட்டிலிருந்து வந்தவள் நான். திறமை இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில் நீ எவ்வளவு ஏழை என்று கேட்டால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். 1976இல்தான் அந்த நிபந்தனை ஒழிந்தது.

இப்போது டியூக்குக்கு வருவோம். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு சீட் என்றால் உங்கள் கணவர் மனதில் வருவது வகுப்பறை, நூலகம், பட்டம். நல்ல ஆட்டக்காரனுக்கு அங்கே கிடைப்பது வேறு. பயிற்சி, பயணம், தொலைக்காட்சி, மறுபடி பயிற்சி. 2010இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ, மார்ச் மாதப் போட்டித் தொடரின் ஒளிபரப்பு உரிமையைப் பதினான்கு வருடங்களுக்கு 1,080 கோடி டாலருக்குக் கொடுத்தது. பயிற்சியாளர்களுக்குக் கோடிகளில் சம்பளம். பந்தைப் போட்ட பையன்களுக்குக் கல்விக் கட்டணம், அறை, சாப்பாடு. அவ்வளவுதான். படிப்பை விட்டுப் போகாதே என்று அன்று இரைந்து சொன்னவர்களில் எத்தனை பேருக்கு அவன் படிப்பின் மேல் அக்கறை, எத்தனை பேருக்கு அடுத்த சீசன் டிக்கெட்டின் மேல் அக்கறை?

2019 பிப்ரவரியில் உங்கள் பக்கத்து டர்ஹாமில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டியூக்குக்கும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம், ஒபாமா பார்க்க வந்திருந்தார். முதல் நிமிடம் முடியுமுன் டியூக் ஆட்டக்காரர் ஸயான் வில்லியம்சனின் ஷூ கிழிந்து, கால் வழுக்கி, முழங்காலில் அடி. மறுநாள் ஷூ கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. பதினெட்டு வயதுப் பையனின் முழங்காலில் அத்தனை பேருடைய பணம் இருந்தது, அவனுடைய சம்பளத்தைத் தவிர. அந்த முழங்கால் தேறியது. ஜூனில், என்பிஏ அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். தேறாமல் போயிருந்தால் யார் பொறுப்பு?

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலைமை மாறியிருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஃப்ளாக் டியூக்கில் இருக்கும்போதே ஷூ விளம்பர ஒப்பந்தம் வைத்திருந்தார். அதனால் காசுக்காக ஓடினான் என்ற பேச்சு அவருக்குப் பொருந்தாது. தேசத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்ற முக்கியமான விருதுகளை வாங்கிவிட்டார். 2025 ஏப்ரலில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திடம் 70-67 என்று அரையிறுதியில் தோற்றது வலித்திருக்கும். ஆனாலும் அவர் தொழிலில் அடுத்த பாடத்தைக் கற்றுக்கொடுக்கக் கூடியவர்கள் டியூக்கில் இல்லை, என்பிஏவில்தான் இருக்கிறார்கள். தச்சு வேலையில் கை தேறிய பையனைப் பெரிய ஆசாரியிடம் அனுப்பமாட்டோமா?

2005இல் என்பிஏ கொண்டுவந்த வயது விதியை நான் ஏற்கவில்லை. கெவின் கார்னெட், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் போன்ற நட்சத்திரங்கள் எல்லாம் பள்ளியிலிருந்தே நேராக வந்தவர்கள். அந்த வழியை அடைத்து, பத்தொன்பது வயதும் பள்ளிக்குப் பின் ஒரு வருடமும் ஆக வேண்டும் என்றார்கள். அதன் விளைவு, மாணவனாக இருக்க விருப்பமே இல்லாத பையன் ஒரு வருடம் மாணவன் போல் இருக்கிறான். நிஜமாகவே படிக்க வந்த பிள்ளைகளுக்கும் அது மரியாதை இல்லை.

ஆனால் உங்கள் மகனுக்கு லெப்ரான் பெயர் தெரியும், கோர்லியோன் யங் பெயர் தெரியாது. அவரும் பள்ளியிலிருந்தே நேராகப் போனவர். 1998 டிராஃப்டில் நாற்பதாவது இடத்தில் என்பிஏவின் டெட்ராய்ட் அணி அவரை எடுத்தது. என்பிஏவில் அவர் ஆடியது மொத்தம் மூன்று ஆட்டம். டிராஃப்டில் முதல் சுற்றில் எடுக்கப்பட்டால் இரண்டு வருடச் சம்பளம் உறுதி; இரண்டாம் சுற்றில் அப்படி ஒரு உறுதியும் கிடையாது. எடுக்கப்படாதவன் போகும், என்பிஏவுக்கு அடுத்த படியான ஜி லீகில் 2023-24 சீசனுக்குச் சம்பளம் சுமார் 40,000 டாலர். உங்கள் ஊரில் வாடகைக்கும் காருக்கும் போக அதில் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். முகவரின் பேச்சை நம்பி, கடைசித் தேதிக்குள் பெயரைத் திரும்பப் பெறாமல் விட்டவனுக்குக் கல்லூரி அணியின் கதவும் பெரும்பாலும் மூடிவிடும். இவர்களை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வராது. "உன்னைப் போல ஆள் இல்லை" என்று சுற்றியிருந்த மாமன்களும் நண்பர்களும் ஏற்றிவிட்ட பிள்ளைகள் இவர்கள். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2021இல் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 300 பேருக்கு மேல். 2025இல் 110க்கும் குறைவு. கல்லூரியிலேயே நியாயமான பணம் கிடைத்ததும் நடுத்தரத் திறமை உள்ளவர்கள் நிதானமாக இருந்து படிக்கிறார்கள். அத்தனை வருடம் செய்த உபதேசம் சாதிக்காததைக் கூலி சாதித்திருக்கிறது.

பாதியில் விட்ட படிப்பு போனது போனதுதானா? உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் சாப்பல் ஹில். வின்ஸ் கார்ட்டர் அங்கே வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்துவிட்டு 1998இல் என்பிஏவுக்குப் போனார். ஆனால் பட்டத்தை முடித்தே தீருவேன் என்று ஆசிரியையான அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கோடை விடுமுறைகளில் வந்து பாடங்களை முடித்தார். பட்டமளிப்பு நாள் 2001 மே 20. அன்றே மாலை பிலடெல்பியாவில் அவருடைய டொரன்டோ அணிக்கு வாழ்வா சாவா ஆட்டம், தொடரின் ஏழாவது ஆட்டம். கார்ட்டர் காலையில் சாப்பல் ஹில்லில் அங்கி போட்டுப் பட்டமளிப்பு விழாவில் உட்கார்ந்தார், பிறகு விமானம் ஏறிப் பிலடெல்பியா போனார். கடைசி நொடியில் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து அவர் கையில்தான் வந்தது. எறிந்தார், வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. 88-87.

அந்தத் தோல்விக்குப் பட்டமளிப்பு விழாதான் காரணம் என்று வருடக்கணக்கில் ஏசினார்கள். படிப்பை விட்டால் ஒரு ஏச்சு, படிப்பை முடிக்கப் போனால் இன்னொரு ஏச்சு. அன்று போனதற்காக வருந்தவில்லை என்றே அவர் சொல்லி வந்திருக்கிறார். 22 சீசன் ஆடி 2020இல் ஓய்வு பெற்றார். அந்தக் காலையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மகன் பட்டதாரி ஆவதைப் பார்த்த அந்த ஆசிரியைக்கு மாலையில் எந்தப் பந்து எங்கே போனால் என்ன என்று எனக்குத் தோன்றும். ஆனால் அது என் ஆசை. அந்த அம்மாவும் அரங்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இனி உங்கள் மகன். ஃப்ளாக்குக்கு ஏஸ் என்று ஓர் இரட்டைச் சகோதரன் இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒரே நாளில் பிறந்து, ஒரே வீட்டில், ஒரே பந்தை எறிந்து வளர்ந்தவர்கள். அவர்கள் அம்மா மெய்ன் பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடியவர். கூப்பர் டல்லாஸ் அணிக்குப் போன அதே வருடம், ஏஸ் அம்மா படித்த மெய்னுக்குப் படிக்கவும் ஆடவும் போனான். இரண்டில் ஒன்றுதான் சரி என்று அந்த அம்மா சொல்லியிருக்க முடியாது. "அவன் போகலாம்னா நான் ஏன் போகக் கூடாது" என்று மறுபடி கேட்டால், ஏஸைப் பற்றிப் பேசுங்கள். கல்லூரிக் கூடைப்பந்தின் மேல் மட்டத்தில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பதிமூன்று பதினைந்து பேர். 2025 டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்கள், வெளிநாட்டுக்காரர்களையும் சேர்த்து, 59 பேர். இந்தக் கணக்கை நீங்கள் சொல்லாதீர்கள். பேப்பரும் பேனாவும் கொடுத்து அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பதினான்கு வயதில் ஒன்றின் மேல் உயிரை வைக்கத் தெரிந்த பிள்ளை கெடுகிற பிள்ளை இல்லை.

உங்கள் கணவரிடம் ஹேவுட் கதையை முழுதாகச் சொல்லுங்கள், அந்தப் பருத்திக் காட்டிலிருந்து தொடங்கி. பிறகு மகனின் அடுத்த ஆட்டத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் பாதி முழுக்க அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் வந்தாரா, மகன் அவரைப் பார்த்தானா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா