அகத்தித் தீவில் ஒரு பகல்: கேள்வியும் பதிலும்

தீபாவளி விடுமுறைக்கு மும்பையிலிருந்து கப்பலில் லட்சத்தீவின் அகத்தித் தீவுக்குப் போக நம் ஆட்கள் சிலர் பதிவு செய்திருக்கிறார்கள். நான் மூன்று முறை போய் வந்தவள் என்பதால் கேள்விகளை எனக்கு அனுப்பினார்கள்.

செம்பூர், வங்கி ஊழியர்: அக்கா, தீவில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்?

பயணத் திட்டத்தில் ஒரு முழுப் பகல் என்று போட்டிருக்கும். ஐந்து மணி நேரம்தான் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகத்தியைச் சுற்றிப் பவளத்திட்டு வேலி மாதிரி நிற்கிறது. அதற்குள்ளே ஆழமில்லாத, ஏரிபோல் அடங்கிய கடல். அதைத்தான் லகூன் என்கிறார்கள். பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. வெளியே நிற்கும், சின்னப் படகில் பிரிவு பிரிவாக இறக்குவார்கள். எனவே காலைப் பலகாரத்தைச் சீக்கிரம் முடித்து முதல் படகுக்கே நில்லுங்கள். கடைசிப் படகின் நேரத்தை எழுதி வையுங்கள். அலை அதிகம் என்றால் இறக்கவே மாட்டார்கள். அந்த முடிவைக் கேப்டனிடம் விட்டுவிடுங்கள்.

மாட்டுங்கா, 68 வயது அம்மா: முழங்கால் வலி உண்டு. நான் இறங்கலாமா?

தீவில் சிரமமே இல்லை அம்மா. தரை சமம், தென்னை நிழல், நீளம் ஏழு கிலோமீட்டர் போல, அகலம் மிகக் குறைவு. சிரமம் கப்பலிலிருந்து படகுக்குக் கால் எடுத்து வைக்கும் அந்த ஒரு எட்டில்தான். கப்பலும் படகும் தனித்தனியாக ஆடும்போது தாண்ட வேண்டும். ஆட்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பையைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் சொன்ன பிறகே காலை வையுங்கள். முழங்கால் மடிந்துவிடும் என்ற பயம் இருந்தால் கப்பலிலேயே இருங்கள். என் அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன்.

முலுண்ட், கல்லூரி மாணவர்: நீச்சல் தெரியாது. ஸ்நார்கெலிங் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம் தம்பி. மூச்சுக்குழாயோடு முகத்தை நீருக்குள் வைத்து மிதந்தபடி பார்ப்பதுதானே அது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதே, வழிகாட்டியை விட்டு நகராதே. லகூன் மேற்கே இருக்கிறது, குளிக்க அதுதான் இடம். கிழக்குக் கரையில் உடைந்த பவளக்கல்தான் அதிகம்.

ஒன்றை மட்டும் மனதில் வை: பவளத்தின் மேல் நிற்காதே. அது உயிர். முதல் பயணத்தில் தெரியாமல் மிதித்துவிட்டேன். உள்ளங்கால் கிழிந்தது, ஆற மூன்று வாரம் ஆனது. என் காயம் ஆறிவிட்டது. நான் உடைத்த கிளை அந்த அளவு வளரப் பல வருடம் ஆகும். அந்தப் பவளம் ஏற்கெனவே நொந்து கிடக்கிறது. கடல் சூடேறினால், தனக்கு உணவு தரும் நுண்பாசியைப் பவளம் வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும், சூடு நீண்டால் செத்துவிடும். லட்சத்தீவில் 1998, 2010, 2016 என்று திரும்பத் திரும்ப இது நடந்தது. சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு இறங்குவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்.

தாராவி, இல்லத்தரசி: என்ன வாங்கி வரலாம்?

மாசி! தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டைபோல் காயவைப்பது. தேங்காயோடு இடித்துச் சம்பல் செய்தால் வேறு குழம்பே வேண்டாம். கப்பலில் ஏற்ற விடுவார்களா என்று முன்னாலேயே கேளுங்கள், இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள். பவளத்துண்டை மட்டும் எடுக்காதீர்கள், கரையில் கிடந்தாலும். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது.

வாஷி, குடும்பத் தலைவர்: மொழி, உடை, அனுமதி?

மலையாளம் பேசுவார்கள், நிதானமாகப் பேசினால் நம் தமிழோடு சமாளிக்கலாம். லட்சத்தீவின் இன்னொரு தீவான மினிக்காயில் மட்டும் மஹல் மொழி. ஊர்க்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் இஸ்லாமியர்; நீச்சல் உடையோடு தெருவுக்குள் போகாதீர்கள். மது கூடாது. நுழைவு அனுமதி கட்டாயம்; பதிவு செய்யும்போதே அடையாளச் சான்று கேட்டு வாங்குவார்கள். கையில் ரொக்கம் வேண்டும்.

காட்கோபர், இளம் தாய்: கடலில் வாந்தி வருமா?

நடுவில் ஒரு நாள் முழுக்கக் கடல்தான், சிலருக்கு வரும். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. குழந்தைக்கு மருந்து என்றால் மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

அவருடைய ஏழு வயது மகள்: ஆன்ட்டி, ஆமை பார்க்கலாமா?

பார்க்கலாம் கண்ணு. லகூனில் கடற்புல் மேய பச்சை ஆமை வரும். துரத்தாதே. படகில் சத்தம் போடாமல் உட்கார்ந்திரு. மூச்சு வாங்க அதுவே மேலே வரும், அப்போது குட்டித் தலை தெரியும்.