ஈவிலும் டெவிலும்

கேள்வி: தீமை, தீய என்று பொருள்படும் 'ஈவில்' (evil) என்னும் ஆங்கிலச் சொல், சாத்தானைக் குறிக்கும் 'டெவில்' (devil) என்பதிலிருந்து பிறந்ததா? கட்டாக்காலி மாடுகளை வீதியில் அலையவிடும் அயலவரைப் பற்றிய கட்டுரையில் அச்சொல்லை எழுதினேன், ஆசிரியை வெட்டிவிட்டார். ஏன் ஐயா?
– உயர்தர வகுப்பு மாணவி, உவர்மலை, திருகோணமலை.

பதில்: ஓசை ஒத்திருக்கிறதே தவிர, இரண்டுக்கும் உறவில்லை. அவதூறு சொல்பவன் என்று பொருள்படும் 'டியாபொலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லே கிறிஸ்தவ சமயத்தின் வழியாக 'டெவில்' ஆயிற்று. 'ஈவில்' ஆங்கிலத்தின் பூர்வீகச் சொல். ஜெர்மன் மொழியின் 'ஊபெல்' அதற்கு இனமானது. பழைய ஆங்கிலத்தில் அது 'நல்லது' என்பதற்குப் பொதுவான எதிர்ச்சொல்லாக இருந்து, நோயையும் துன்பத்தையும்கூடக் குறித்தது. இன்று கெட்டது எனப் பொருள்படும் 'பேட்' (bad) என்பதோடு சேர்த்து நாம் மனனம் செய்யும் 'வேர்ஸ்' (worse), 'வேர்ஸ்ட்' (worst) ஆகிய ஒப்பீட்டு வடிவங்கள் முன்பு 'ஈவிலுக்கு' உரியவையாக இருந்தன. கழுத்தில் கட்டிகள் தோன்றும் கண்டமாலை நோயை 'அரசரின் ஈவில்' என்று அழைத்த ஆங்கிலேயர், அது அரசர் கைபட்டால் தீருமென நம்பியதால், பிற்காலத்தில் அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜோன்சனை 1712இல் குழந்தையாக ஆன் அரசியிடம் கொண்டுசென்றனர். நோய் தீரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பின்னர் அன்றாடக் குறைகளைச் சொல்லும் வேலையை 'பேட்' எடுத்துக்கொள்ள, மனமறிந்து செய்யும் கொடுமையே பெரும்பாலும் 'ஈவிலுக்கு' எஞ்சியது. ஆகவே உங்கள் ஆசிரியை செய்தது சரியே. மாட்டைக் கட்டாமல் விடுவது பொறுப்பின்மை. அந்த மாட்டுக்கு நஞ்சு வைத்து, அது துடிப்பதைப் பார்த்து மகிழ்பவன் ஒருவன் இருந்தால் அவனுக்கே அச்சொல் பொருந்தும்.

பழைய அகன்ற பொருள் சில தொடர்களில் இன்னும் தங்கியிருக்கிறது. விருப்பமில்லாவிட்டாலும் விலக்க முடியாததை 'நெசசரி ஈவில்' என்பர். தேர்தல் காலங்களில் அதிகம் கேட்கும் 'லெசர் ஈவில்' என்பது இரு தீமைகளில் குறைந்ததாகும். 'ஈவில் ஐ' எதுவென்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழிக்கும் நம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. அழுகிய மீனின் நாற்றத்தைக்கூட 'ஈவில் ஸ்மெல்' எனலாம். அங்கே எவருடைய குணமும் பேசப்படவில்லை.

ஏறத்தாழ 'ஈவிலின்' பொருளே உடைய 'விக்கெட்' (wicked) என்ற சொல்லை ஆங்கில இளைஞர் 'அபாரம்' என்று பாராட்டவும் வழங்குகின்றனர். அந்த வழக்கைப் பரீட்சைத் தாளுக்குக் கொண்டுபோக வேண்டாம்.