இறந்தபின் வரும் பதக்கம்: கேள்வி பதில்

போரில் இறந்துபோன படைவீரருக்கு வீரப் பதக்கம் கொடுக்க நாடுகள் என்ன விதி வைத்திருக்கின்றன என்று வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

மாங்குளம், உயர்தர மாணவி: சேர், பிரித்தானியாவின் அதியுயர் வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவையை முதலில் இறந்தவர்களுக்குக் கொடுக்கவில்லையாம். உயிரையே விட்டவருக்கு ஏன் இல்லை?

உண்மைதான் பிள்ளை. 1856 ஜனவரியில் அந்த விருதை ஏற்படுத்திய ஆணையில் இறந்தவருக்குக் கொடுக்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. அதிகாரிகள் கூடாது என்றே எடுத்துக்கொண்டார்கள். உயிரோடு இருந்திருந்தால் இவரைப் பரிந்துரைத்திருப்போம் என்று வர்த்தமானியில் ஒரு குறிப்பு வரும். வீட்டுக்குப் பதக்கம் வராது.

1879 ஜனவரி 22இல் தென்னாபிரிக்காவின் இசண்டல்வானாவில் சூலு படையிடம் பிரித்தானியர் தோற்றார்கள். மெல்வில், கோக்ஹில் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் படைக்கொடியைக் காப்பாற்றப் போய் ஆற்றங்கரையில் இறந்தார்கள். அவர்களுக்கும் அந்தக் குறிப்பு மட்டும்தான். இருபது வருடம் கழித்து, 1899 டிசம்பரில், அதே தென்னாபிரிக்காவில் நடந்த போவர் போரின் கொலென்சோ சண்டையில் படுகாயப்பட்ட லெப்டினன்ட் ரொபேட்ஸ் இரண்டு நாளில் இறந்துபோனார். அவருக்குப் பதக்கம் கிடைத்தது. அவர் பீல்ட் மார்ஷல் ரொபேட்ஸ் பிரபுவின் மகன்.

அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு மறுப்பது எப்படி? 1902இல் அதே போரில் இறந்த ஆறு பேருக்குக் கொடுத்தார்கள். ஆனால் பழைய போர்களில் இறந்தவர்களுக்கு இல்லை என்றார்கள். மெல்வில்லின் மனைவி விடவில்லை, மன்னருக்கே விண்ணப்பம் எழுதினார். 1907 ஜனவரியில் மெல்வில், கோக்ஹில் உட்பட இன்னும் ஆறு பேரின் குடும்பங்களுக்குப் பதக்கம் போய்ச் சேர்ந்தது. கணவர் இறந்து 28 வருடம்! விதியில் எழுத்தாக அது ஏறியது 1920இல்தான்.

இதிலே எனக்குப் பொறுக்காத ஒன்று இருக்கிறது. அதே சாம்ராச்சியம் 1897இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையிலிருந்த சாராகடிக் காவலரணில் கடைசிவரை நின்று இறந்த 21 சீக்கியப் படைவீரருக்கும் இந்திய வீர விருதைக் கொடுத்து, குடும்பங்களுக்குக் காசும் காணியும் கொடுத்தது. அப்படியென்றால் இறந்தவரைக் கௌரவிக்க வழி தெரியாமல் இருக்கவில்லை. மனம்தான் இருக்கவில்லை.

கிளிநொச்சி: அண்ணை, ஆனையிறவில் கண்டி வீதியோரம் நிற்கிற புல்டோசர் யாருக்கான நினைவு?

பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிற எல்லோருக்கும் அது கண்ணில் படும். சுற்றிவர இரும்புத் தகடு அடித்த, துருவேறிய வாகனம். 1991 யூலையில் ஆனையிறவு முகாம் மீது புலிகள் நடத்திய தாக்குதலில் முன்னுக்கு வந்தது அது. சிங்க ரெஜிமென்டைச் சேர்ந்த காமினி குலரத்ன கைக்குண்டுகளோடு அதில் ஏறி அதை நிறுத்தினார், அதிலேயே இறந்தார். இலங்கைப் படையின் அதியுயர் விருதான பரம வீர விபூஷணய முதன்முதலில் கிடைத்தது அவருக்கு, இறந்தபின். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் இறந்தவர்கள் ஏராளம். அரச விருது அரச படையில் இருந்தவருக்கு மட்டும்தான்.

புதுக்குடியிருப்பு: எங்கட பிள்ளைகள் இறந்த பிறகு பேருக்கு முன்னால் லெப்டினன்ட், கப்டன் என்று போட்டார்களே. அதுவும் இப்படித்தானா ஐயா?

இல்லை அம்மா. அது தரநிலை. பதக்கம் வேறு, தரநிலை வேறு. இறந்தவரின் தரத்தை உயர்த்துவது பல நாட்டு இராணுவங்களிலும் உண்டு. எந்த அரசின் பதக்க விதியும் உங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை. அதனால் உங்கள் இழப்புச் சிறிதாகிவிடாது.

ஓமந்தை: இந்தியன் ஆமியில் இங்கே வந்து இறந்த யாருக்காவது அவர்களின் அதியுயர் விருதான பரம் வீர் சக்ரா கிடைத்ததா?

ஒருவருக்கு. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25, யாழ்ப்பாணக் குடாநாட்டில்.

முல்லைத்தீவு: உடலே கிடைக்காவிட்டால் பதக்கம் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். பதக்கத்துக்குத் தேவை செய்த செயலுக்குச் சாட்சி. கொழும்பில் பிறந்த பசில் ஹோர்ஸ்ஃபோல் 1918 மார்ச்சில் பிரான்சில் இறந்தார். உடல் மீட்கப்படவில்லை, விக்டோரியா சிலுவை கிடைத்தது.

பெயர் தெரியாதவருக்கும் கொடுத்திருக்கிறார்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் புதைக்கப்பட்ட, யாரென்றே தெரியாத பிரித்தானியப் படைவீரருக்கு 1921இல் அமெரிக்கா தன் அதியுயர் பதக்கத்தைக் கொடுத்தது. அடுத்த மாதம் அமெரிக்காவின் பெயர் தெரியாத படைவீரருக்குப் பிரித்தானியா விக்டோரியா சிலுவையைக் கொடுத்தது. அங்கே தனி ஒருவரின் செயலுக்குச் சாட்சி தேடவில்லை. பிள்ளை எங்கே கிடக்கிறான் என்று தெரியாத எந்தத் தாயும் அது தன் பிள்ளையாக இருக்கலாம் என்று நினைக்க இடம் வைத்தார்கள். நான் இதுவரை படித்த விருது முடிவுகளில் மனிதத்தனம் கூடியது இதுதான். காணாமல் போனவர்களைத் தேடுகிற வீடுகள் எங்கள் ஊர்களில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

வவுனியா: இறந்தவரின் மனைவி மறுமணம் செய்தால் பதக்கத்தோடு வரும் கொடுப்பனவு நின்றுவிடுமா தம்பி?

நாட்டுக்கு நாடு மாறும் அக்கா. இந்தியாவில் நீண்ட காலம் ஒரு விதி இருந்தது. மறுமணம் செய்தால் நின்றுவிடும், கணவரின் சகோதரனையே கட்டினால் மட்டும் தொடரும். ஒரு பெண் யாரைக் கட்டவேண்டும் என்று பதக்க விதி தீர்மானிப்பதா? 2017 நவம்பரில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் இறக்கும்வரை கிடைக்கும்.

பரந்தன்: இறந்தார் என்று அறிவித்தவர் உயிரோடு வந்தால்?

நடந்திருக்கிறது. 1999 கார்கில் போரில் யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம் வீர் சக்ரா, இறந்தபின் வழங்கப்படுவதாக அறிவித்தார்கள். அவரோ வைத்தியசாலையில் தேறிக்கொண்டிருந்தார். இறந்தவர் அதே பெயருள்ள இன்னொருவர். யாதவ் தானே நேரில் வந்து வாங்கினார்.

துணுக்காய்: எத்தனை வருடத்துக்குள் கொடுக்கவேண்டும்?

பிரித்தானியாவில் ஐந்து வருடம் கடந்த செயலுக்குப் புதிதாக விருது கொடுப்பதில்லை. அவுஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 1942 டிசம்பர் 1இல் அவுஸ்திரேலியக் கடற்படையின் ஆர்மிடேல் கப்பல் தாழும்போது, காயத்தோடு துப்பாக்கியில் தன்னைக் கட்டிக்கொண்டு, நீரில் தத்தளித்த தோழர்களைச் சுட்ட விமானங்களை நோக்கிச் சுட்டபடியே மூழ்கினார் ரெடி ஷீன். வயது 18. அந்தக் காலத்தில் இறந்தவருக்கு விக்டோரியா சிலுவை, எதிரியோடு நேருக்கு நேர் நின்று செய்யாத வீரச் செயலுக்கான ஜோர்ஜ் சிலுவை, இல்லாவிட்டால் தளபதியின் அறிக்கையில் பெயரைக் குறிப்பிடுவது, இவ்வளவும்தான் இருந்தன. நடுவில் எதுவும் இல்லை. ஷீனுக்கு அந்தக் குறிப்பு மட்டும் கிடைத்தது. பிரித்தானியா 1979இல்தான் மற்றப் பதக்கங்களையும் இறந்தவருக்குத் திறந்துவிட்டது. ஷீனின் குடும்பம் பல காலம் போராடி, 2020இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா சிலுவையை வாங்கியது.

நெடுங்கேணி: அப்பாவின் பதக்கத்தை மகன் அணியலாமா?

பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நினைவு நாள்களில் அணிகிறார்கள், மகளும்கூட. வலது பக்க மார்பில் குத்தவேண்டும். இடது பக்கம் பதக்கத்தைத் தானே பெற்றவருக்கு உரியது.